கையெழுத்து வாங்குறது வேற, ஆள் வர்றது வேற

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில ஹெச்எம்னா பாதி நாள் எமிஸ்ங்கிற கல்வித்துறை ஆன்லைன் பதிவுலயே போயிரும். பதிவேடு, தபாலு, வட்டாரக் கல்வி அலுவலர் (பிஇஓ) ஆபீஸ் போன்னு மீதி. இதுக்கு நடுவுல "பெற்றோர் ஈடுபாட்டை அதிகரிக்கவும்"னு ஒரு சுற்றறிக்கை வரும், எப்படினு மட்டும் அதுல இருக்காது.

சட்டம் என்னவோ தெளிவாத்தான் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள். எங்க குழுவுலயும் பேருக்கு எல்லாரும் இருந்தாங்க. ஆனா கூட்டம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, அந்த நேரத்துல அம்மாக்கள் பாதிப் பேர் நூறு நாள் வேலையில நிப்பாங்க, அங்க காலையில ஒரு போட்டோ மதியத்துக்கு மேல ஒரு போட்டோ எடுத்தாத்தான் வருகை ஏறும்னு ஆனப்புறம் யாரு அதை விட்டுட்டு இங்க வருவா? அப்புறம் தீர்மான நோட்டை வீடு வீடா குடுத்தனுப்பி கையெழுத்து வாங்குறதுதான் நடந்துக்கிட்டிருந்துச்சு. அவங்களுக்கு அக்கறை இல்லன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன், கூலியை விட்டுட்டு வந்து நம்ம பேச்சை கேக்க அவங்களுக்கு என்ன தலையெழுத்தா?

உண்மையில பெத்தவங்களோட பழக்கம் உண்டானது காலை உணவுத் திட்டத்துலதான். 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சுல்ல, எங்களுக்கு ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும். சமைக்கிறவங்க மகளிர் குழு பெண்கள், அவங்க புள்ளைங்களும் இங்கதான் படிக்குது. விடியக்காலையிலேயே வந்து அடுப்பு பத்த வச்சிருவாங்க. நான் கொஞ்சம் சீக்கிரம் போயி அங்க நின்னு பேசிக்கிட்டிருப்பேன், பெருசா ஒண்ணும் இல்ல, ரவை எப்படி இருக்கு, சாம்பார்ல உப்பு சரியா, அவ்ளோதான். ஒரு நாள் ஒரு அக்கா கரண்டியை வச்சிட்டு, "டீச்சர், அந்த மூணாப்பு பையன் பொங்கல்னா ரெண்டு தடவ வாங்குவான், இந்த வாரம் தட்டை அப்படியே வச்சிட்டுப் போறான், அவங்கப்பா திருப்பூர் போயிட்டாராம்"னாங்க. இது எந்த ஆப்லயும் வராது. கிளாஸ் டீச்சர்கிட்ட சொன்னேன், அவங்க அன்னைக்கே அந்தப் பையனோட பாட்டியப் போயி பாத்துட்டு வந்தாங்க.

போன் பண்றதும் அப்படித்தான். ஸ்கூல் நம்பர் பாத்தாலே "என்ன டீச்சர் பண்ணித் தொலைச்சான்?"னுதான் எடுப்பாங்க. "ஒண்ணுமில்லம்மா, இன்னைக்கு தடுமாறாம ஒரு பக்கம் வாசிச்சான், அதான் சொல்லலாம்னு"ன்னா ரெண்டு செகண்டு சத்தமே வராது.

டீச்சருங்க விஷயத்துல நான் பண்ணது ஒண்ணுதான், சிஎல் (தற்செயல் விடுப்பு) கேட்டு வந்தா காரணம் கேக்குறதை நிறுத்திட்டேன், அந்த கிளாஸை முடிஞ்சவரைக்கும் நானே பாத்துக்குவேன். ஒருத்தர் ரெண்டு பேர் இதை நல்லா யூஸ் பண்ணிக்கிட்டாங்கதான், இருக்கட்டும். மத்தவங்க சனிக்கிழமை கூட கூப்பிடாமலே வர்றாங்க.

கூட்டத்தை இப்ப சாயங்காலம் அஞ்சரைக்கு மேல வச்சிக்கிறோம். 2024-ல குழுவ மாத்தி அமைச்சப்போ முன்னாள் மாணவர்களையும் சேக்கச் சொன்னாங்க, அதுல வந்த ஒரு பையன் பிளம்பர். பொண்ணுங்க பாத்ரூம்ல குழாய் ஒழுகுதுன்னு நாங்க தீர்மானம் எழுதி ஆப்ல ஏத்திக்கிட்டிருக்கும்போதே எந்திரிச்சுப் போயி வாஷரை மாத்திட்டு வந்துட்டான். "மோட்டார் சத்தமும் சரியில்ல டீச்சர், ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன், ஆனா அதுக்கு சாமான் காசு குடுத்துரணும்"னான். அந்தச் செலவ எந்தக் கணக்குல எழுதுறதுன்னுதான் இப்ப பாத்துக்கிட்டிருக்கேன்.