எலுமிச்சம்பழம் வெட்டாத கடானா

புதுக் கத்தி வீட்டுக்குள் வந்தால் முதலில் எலுமிச்சம்பழம் வெட்ட வேண்டும் என்பது அத்தையின் சட்டம். அது அரிவாள்மனையா, டோக்கியோவின் அசகுசா நகமிசே தெருவில் சேகர் அத்தான் வாங்கிய அலங்காரக் கடானாவா (ஜப்பானிய வாள்) என்றெல்லாம் அத்தை பேதம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிஷி-கசாய் வீட்டில் தத்தாமி பாய்மேல் கத்தி. கத்திமேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். பாளையங்கோட்டையிலிருந்து வீடியோ காலில் அத்தை. "பழத்த வெட்டாம சுவத்துல மாட்டக் கூடாதுய்யா!"

அத்தான் வெட்டினார். பழம் வெட்டுப்படவில்லை, நசுங்கியது. சாறு முழுக்கக் கத்தியில்.

வெட்டாது. வெட்டக் கூடாது என்றுதான் அதைச் செய்கிறார்கள். ஜப்பானில் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள நிஜ வாள் வைத்திருக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுப்பது மாகாணக் கல்வி வாரியம். (கல்வி வாரியமேதான்.) அந்த வம்பே வேண்டாம் என்று அலங்காரக் கத்தியில் எஃகைத் தொடுவதில்லை. துத்தநாகமும் அலுமினியமும் கலந்து வார்த்து, மேலே முலாம் பூசிவிடுவார்கள். காந்தம் ஒட்டாது. சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. அலகு நெடுக ஓடும் அந்த அலை அலையான ஹாமோன் கோடு, நிஜ வாளில் களிமண் பூசிச் சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்தும்போது பிறப்பது. இதில் தேய்த்து வரைந்தது. அத்தான் அதைத் தடவித் தடவி "என்னா வேலப்பாடு!" என்று உருகிக்கொண்டிருந்தார். யாரும் குறுக்கே பேசவில்லை.

அவர் அதை வீடு கொண்டுவந்து சேர்த்ததே பெரும்பாடு. பெட்டி இடைஞ்சலாக இருக்கிறது என்று கடை வாசலிலேயே கழித்துவிட்டு, உறையோடு பெல்ட்டில் செருகிக்கொண்டு கின்சா லைன் ரயில் ஏறப் போனாராம். போலி வாள்தானே என்று நினைப்பீர்கள். உலோகத்தால் செய்து பார்வைக்கு வாள் போலவே இருந்தால், தக்க காரணமின்றிக் கையில் கொண்டு திரிவது 1958ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் சட்டப்படி குற்றம். அபராதம் 2 லட்சம் யென் வரை. வாங்கிய கத்தியைக் கட்டிப் பொதிந்து நேரே வீட்டுக்கு எடுத்துப்போவதற்குத் தடையில்லை. இடுப்பில் செருகி ஊர்வலம் போவதுதான் சிக்கல். நல்லவேளை, எதிரே வந்த போலீஸ்காரர் தங்கமான மனுஷர். குனிந்து வணங்கி, ரசீதைப் பார்த்து, நீளப் பை ஒன்றில் சுற்றவைத்து, நிஹோன்பாஷியில் எங்கே மாற வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். அத்தான் இதை "போலீஸே சல்யூட் அடிச்சான்" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.

சாறு விஷயத்துக்கு வருகிறேன். முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், புளிப்பு உள்ளே இறங்கித் துத்தநாகத்தை அரிக்கும். முதலில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், பிறகு முலாம் கொப்புளித்து உரியும். அதனால் உடனே துடைக்க வேண்டும். வெந்நீர் வேண்டாம், ஈரத்துணியில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு போதும். அலகின் முதுகுப் பக்கமாகத் துணியைப் பிடித்து, கைப்பிடியிலிருந்து நுனி நோக்கி ஒரே போக்கில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் விரல் போகாது, முலாம் போகும். கைப்பிடியை ஒட்டி அலகைக் கவ்வியிருக்கும் ஹபாகி என்ற பித்தளைக் கவசத்தின் இடுக்கில்தான் சாறு ஒளிந்திருக்கும், அதைக் காதுக்குச்சியால் எடுக்க வேண்டும். ஈரம் போனபின் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பளபளப்பு மங்காத அளவுக்குத் தடவினால் சரி. வழிந்தால் உறைக்குள் போய் மரத்தில் ஊறும்.

கூடவே ஒரு பராமரிப்புப் பெட்டியும் வாங்கியிருந்தார். அதில் ஒரு பொடி உருண்டை இருக்கும், உச்சிகோ. சாணைக்கல் மாவு. எஃகு வாளில் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுக்கத் தட்டுவது. முலாம் பூசிய கத்தியில் தட்டித் தேய்த்தால் கண்ணாடி போலிருந்தது கீறல் விழுந்து மங்கிவிடும். அதை ஒளித்துவைத்தாயிற்று. வாளுக்குப் பூசும் சோஜி எண்ணெய்க் குப்பியைத் திறந்ததும் கிராம்பு வாசனை. "பல்வலிக்கும் போடலாமோ?" என்றார் அத்தான். போடக் கூடாது, அது பெரும்பாலும் கனிம எண்ணெய்.

கைப்பிடிக் கயிற்றில் ஏறிய குங்குமம் போகாது. பருத்திக் கயிறு, அடியில் பசை. பிரித்துத் துவைத்துச் சுற்றுகிற ஜோலியே கிடையாது.

இத்தோடு நின்றிருக்கலாம். அத்தை கேட்டார்: "சுத்திக் காட்டுய்யா, பாப்போம்."

கூரை 2.4 மீட்டர். கத்தி முழு நீளம் ஒரு மீட்டர். அத்தான் கையைத் தூக்கினால் மிச்சம் என்ன என்று கணக்குப் போடுங்கள். விளக்கின் இழுகயிறு கத்தியில் மாட்டி, வீடே இருண்டு, "அய்யோ எம்புள்ள" என்ற சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது. விளக்கு பிழைத்தது. கத்தி நுனி லேசாக வளைந்தது. அத்தான் சுத்தியல் கேட்டார். கொடுக்கவில்லை. வார்ப்பு உலோகம் வளைந்தால் வளைந்ததுதான், நிமிர்த்தினால் ஒடியும்.

கூடுதலாகக் கைப்பிடிக்குள் லொட லொட சத்தம். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். அலகின் வால் கைப்பிடி மரத்துக்குள் போகும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது மெகுகி என்ற ஒரே ஒரு மூங்கில் ஆப்பு. நார் நாராகத் தேயுமே தவிர மூங்கில் சட்டென்று முறியாது, அதனால்தான் மூங்கில். ஆப்பு ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு. மெலிந்த பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுக்க வேண்டும். புதிதுக்கு மூங்கில் சாப்ஸ்டிக் போதும். ஒருதடவை சாப்பிட்டுப் போடும் மெத்து மரக்குச்சி கூடாது. உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, பெரிய துளை வழியே இறக்கி, கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் தட்டி இறுக்கி, மிச்சத்தை அறுத்துவிட வேண்டும். வீரம் காட்டி அடித்தால் கைப்பிடி மரம் பிளக்கும். இதுவாவது பரவாயில்லை. எவர்சில்வர் அலகில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்துக் கைப்பிடிக் கோடியில் நட்டு முடுக்கிய கத்திகள் வெளிநாடுகளில் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. சுற்றினால் பற்றவைப்பு விட்டு அலகு தனியாகப் பறக்கும். அதை வாங்கியவர்கள் தயவுசெய்து சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாங்கியில் அத்தான் வைத்தது கூர் கீழ்நோக்கி. அப்படி வைப்பது பழைய தாச்சி வாளை. கடானாவுக்குக் கூர் மேலே, பார்ப்பவருக்கு இடப்பக்கம் கைப்பிடி; வலக்கையால் சட்டென்று உருவ வராது, ஆகவே சமாதான அடையாளம். திருப்பி வைத்ததும் அத்தானுக்கு அடுத்த கவலை: அது இரண்டடுக்குத் தாங்கி. கீழ்த்தட்டு காலி.

"அங்க சின்னது ஒண்ணு வரணும்லா?" வரும். வாகிசாஷி. அலகு 30.3 முதல் 60.6 செ.மீ.க்குள். ஒரு மீட்டர் கடானா எந்தப் பெட்டியிலும் படுக்காது என்பதால் இங்கேயே தங்குகிறது. வாகிசாஷி பெரிய பெட்டியில் குறுக்காகப் படுத்துவிடும், ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டிதான்.

அக்கா அந்தப் பெட்டியை ஏற்கெனவே ரைஸ் குக்கருக்கு ஒதுக்கியாயிற்று. இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. அக்கா வாங்கியிருப்பது இந்த ஊர் 100 வோல்ட் குக்கர், பாளையங்கோட்டையில் 230. அதை இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.