ஒரு தள்ளு, ஒரு வருஷம்: தடைக்கு அப்பீல் போட்ட கதை

தப்பு பண்ணேன், அத மொதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா முழுசா படிச்சிட்டு "அப்ப நீ ரெஃப்ரி மேல கை வெச்சது நெஜம்தானே"ன்னு கேப்பீங்க. வெச்சேன்.

எனக்கு ஊர் வியாசர்பாடி, ஃபுட்பால்ல ஸ்டாப்பரா, அதாவது டிஃபென்ஸ்ல ஆடறேன், மாச சம்பளத்துக்கு ஒரு க்ளப்ல சைன் பண்ணியிருந்தேன். 82வது நிமிஷம், 1-1, பாக்ஸுக்குள்ள எங்க ஸ்ட்ரைக்கர எதிர் டீம்காரன் சட்டைய புடிச்சு இழுத்துப் போட்டான், ரெஃப்ரி பெனால்டி குடுக்காம கோல் கிக்னு கைய காட்டிட்டார், நா பின்னாடியிருந்து ஓடி வந்து கத்திக்கிட்டே அவரு நெஞ்சுல கைய வெச்சு தள்ளிட்டேன். ரெண்டடி பின்னாடி போனார், விழல. ரெட் கார்ட எடுக்கும்போது அவரு கை நடுங்குச்சு, அத பாத்தப்பதான் எனக்கே என்ன பண்ணோம்னு ஒறச்சுது.

மூணாவது நாள் க்ளப் செக்ரட்டரி வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஷோகாஸ் நோட்டீஸ், ஏழு நாள்ல பதில் சொல்லணும். நானே ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதி குடுத்தேன், "இனிமே நடக்காது, குடும்ப சூழ்நிலை", அந்த மாதிரி. அசோசியேஷன் ஹியரிங்குக்கு க்ளப்லயிருந்து யாரும் வரல. ஒன்னரை மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சாங்க, உள்ள அஞ்சு நிமிஷம்கூட ஆகல. "கை வெச்சியா இல்லையா?" "வெச்சேன் சார்." முடிஞ்சிது. ஒரு வருஷம், அதுவும் மேட்ச் மட்டும் இல்ல, கால்பந்து சம்பந்தமா எதுவுமே பண்ணக்கூடாதுன்னு எழுதியிருந்தாங்க. டீமோட ப்ராக்டீஸ் பண்ணவும் முடியாது.

அந்த கடைசி வரியோட கனம் அப்ப புரியல. அடுத்த வாரம் கிரௌண்டுக்கு போனேன், கோச் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டார். "உள்ள வராதப்பா, யாராச்சும் போட்டோ எடுத்து போட்டா எங்களுக்கும் பிரச்சன." கம்பி வேலிக்கு இந்த பக்கம் நின்னு பாத்துட்டு வந்தேன், ஒரு தடவ பந்து வெளிய வந்துச்சு, எடுத்து ஒதச்சு குடுக்கலாமா வேணாமான்னே ஒரு நொடி யோசிச்சேன். அந்த மாசத்தோட சம்பளமும் நின்னுடுச்சு.

எங்க ஏரியால அட்வகேட் அண்ணன் ஒருத்தர் இருக்கார், ஞாயித்துக்கிழம எங்க கூட கோல்கீப்பரா நிப்பார். அவரு கேட்ட மொத கேள்வியே "ரெஃப்ரி ரிப்போர்ட் காப்பி வாங்கினியா?" எனக்கு அப்படி ஒன்னு கேட்டு வாங்கலாம்னே தெரியாது. எழுதி குடுத்து, ரெண்டு தடவ அலைஞ்சு வாங்கினோம். அதுல "ரெண்டு கையாலயும் அடித்தார்"னு அர்த்தம் வர்ற மாதிரி இருந்துச்சு. அண்ணன் ஃபிஃபாவோட ஒழுங்கு விதிய (டிசிப்ளினரி கோட்) காட்டினார்: ரெஃப்ரிகிட்ட ஒழுங்கீனமா நடந்துக்கிட்டா குறைஞ்சது 4 மேட்ச், அடி, உதை, எச்சில் துப்பறதுன்னு தாக்குதல் கணக்குல போயிட்டா குறைஞ்சது 15 மேட்ச் இல்லேன்னா அதுக்கேத்த காலம். அப்ப என் கதை மொத்தமும் ஒரே வார்த்தைல நிக்குது, நா தள்ளினேனா அடிச்சேனா. நல்ல வேளையா கேலரில இருந்து எங்க பையன் ஒருத்தன் போன்ல எடுத்த வீடியோ இருந்துச்சு. ஒரு கை, விரிச்ச உள்ளங்கை.

அப்பீல்ல அண்ணன் புடிச்ச இன்னொரு பாயின்ட், உருகுவே ஸ்ட்ரைக்கர் லூயிஸ் சுவாரஸ் கேஸ். 2014 வேர்ல்ட் கப்ல இத்தாலி டிஃபெண்டர் கியெல்லினிய கடிச்சதுக்கு 9 சர்வதேச மேட்ச் தடை, அதோட 4 மாசம் எந்த கால்பந்து வேலையும் கூடாதுன்னு போட்டாங்க இல்லையா, அது சுவிட்சர்லாந்து லோசான்ல இருக்கற விளையாட்டு நடுவர் கோர்ட்டுக்கு போச்சு, அவங்க தடைய குறைக்கல, ஆனா ப்ராக்டீஸக்கூட தடுக்கறது ஓவர்னு அத மட்டும் எடுத்துட்டாங்க. ஆகஸ்ட்லயே பார்சிலோனாக்கு ஃப்ரெண்ட்லி ஆடிட்டார், அக்டோபர் 25 ரியல் மாட்ரிட் மேட்ச்ல நேரா எறங்கினார். கடிச்சவருக்கு ப்ராக்டீஸ் உண்டு, தள்ளினவனுக்கு இல்லையா, இதான் எங்க வாதம்.

நா படிக்க படிக்க எனக்கு எரிச்சல் ஏறினது வேற விஷயத்துல. 1998ல இங்கிலாந்து லீக்ல ஆடின இத்தாலிக்காரர் டி கானியோ ரெஃப்ரிய தள்ளி கீழயே விழ வெச்சார், 11 மேட்ச். மேட்ச் கணக்குல குடுத்தா எப்ப சீசன் நடந்தாலும் அது சரியா கழியும். மாச கணக்குல குடுத்தா? எங்க லீக் நடக்கறதே வருஷத்துல சில மாசம்தான். சீசன் முடிஞ்ச கையோட ஆறு மாச தடை வாங்கினவனுக்கு ஒன்னும் ஆகாது, ஆரம்பத்துல வாங்கினவனுக்கு ஒரு வருஷ சோறு போச்சு. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஐவன் டோனிக்கு 2023ல பெட்டிங் கேஸ்ல 8 மாசம் போட்டாங்க, சூதாட்டத்துக்கு அடிமைங்கறத பாத்து 11 மாசத்த குறைச்சுதான் 8, அதுலயும் கடைசி நாலு மாசம் க்ளப்போட ப்ராக்டீஸ் பண்ண விட்டாங்க, திரும்பி வந்த மொத மேட்ச்ல கோல். அவங்க க்ளப் காத்திருக்கும். எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு மாசம் காலியானா அந்த எடத்துல இன்னொருத்தன். 2012ல கொல்கத்தா டெர்பில பாதில ஆட மாட்டோம்னு நின்ன மோகன் பகான் க்ளப்புக்கு, அப்ப நாட்டோட பெரிய லீக்கா இருந்த ஐ-லீக்ல ரெண்டு வருஷத்துக்கு மேல தடைன்னாங்க, அடுத்த மாசமே அது 2 கோடி ஃபைனா மாறிடுச்சு. அந்த வாசல் காசு இருக்கறவனுக்குதான்.

நடுவுல மலப்புரத்துல இருந்து ஒரு மேனேஜர் கூப்பிட்டார். செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடற, அசோசியேஷன் கணக்குல வராத டோர்னமென்ட், மேட்ச்சுக்கு 2500, வேற பேர்ல ஆடலாம்னார். பேக் கட்டி வெச்சிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். அண்ணன்தான் "ஒரு போஸ்டர்ல உன் மூஞ்சி வந்துச்சுன்னா அப்பீல் அவ்ளோதான்"னு நிறுத்தினார். அந்த ரெண்டு மாசம் ஃபுட் டெலிவரி ஓட்டினேன்.

அப்பீல் ஹியரிங்ல வீடியோவ மூணு தடவ போட்டு பாத்தாங்க. ரெஃப்ரியும் வந்திருந்தார், "அடிச்சாரா?"ன்னு கேட்டதுக்கு "தள்ளினார் சார், ஆனா பயந்துட்டேன்"னார். வெளிய வந்தப்புறம் அவருகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கைய குடுத்துட்டு போனார். ஒரு மேட்ச்சுக்கு அவருக்கு கெடைக்கற பணத்த கேட்டா நீங்களே சிரிப்பீங்க, அவரு மேல கை வெச்சா தண்டனை இருக்கணும், அதுல எனக்கு சண்டையே இல்ல.

தீர்ப்பு: ஆறு மாசம், ப்ராக்டீஸ் பண்ணலாம். மேட்ச் கணக்குல கேட்டோம், குடுக்கல. லெட்டர் கைக்கு வந்தப்ப ஏற்கனவே நாலு மாசம் ஓடியிருந்துச்சு, லீக்கும் முடிஞ்சிருந்துச்சு, என் எடத்துல நைஜீரியா பையன் ஒருத்தன சைன் பண்ணிட்டாங்க. இப்ப வேற டீம்ல ஆடறேன், சம்பளம் கம்மி. பழைய க்ளப் தடைக்கு முன்னாடி ஆடின ஒரு மாச காச இன்னும் தரல, அதுக்கும் அண்ணன்தான் லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கார்.