புறுபுறுத்தது போதும், எழுதிக் கொடுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில் நாலு வயதானவர்கள் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் காலி வீதியைக் கடக்கிற அவஸ்தையில்தான் வந்து நிற்கும், இல்லாவிட்டால் இரண்டாவது காலைத் தூக்கி வைப்பதற்குள் பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கத்துகிற கொண்டக்டரில். பிறகு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தப் புறுபுறுப்பை அதிகாரிகளுக்குக் கடிதமாக்கப் பழக்குவதுதான் இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

"நடைபாதை சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள் அங்கிள். எந்த ஒழுங்கை, எந்தக் கடை வாசல், எந்தக் கொங்கிறீட் மூடி ஆடுகிறது, போனில் ஒரு படம். பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். சிங்களம் தெரியாதே என்று தயங்குவார்கள். தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, கொழும்பிலும்தான். பதிலே இல்லையா, கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்க இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கை நடுங்குகிற ஒரு அன்ரி இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதியோர் சங்கம் என்றால் பலருக்கு மருத்துவ முகாமும் சுற்றுலாவும்தான். (கதிர்காமம் போனால் என்னையும் கூப்பிடுங்கள்.) ஆனால் சங்கத்தின் பெயரில் இருபது கையெழுத்தோடு போகிற கடிதத்துக்கு மரியாதையே வேறு.

பிள்ளைகளே, டைப் பண்ணிக் கொடுங்கள், கூடப் போங்கள், பேச்சை மட்டும் அம்மாவிடமே விடுங்கள், அதிகாரி உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார் என்றாலும்.