பத்து லட்சத்தில் விழும் கோடு

கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், மைலேஜைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொட்டேஷன் தாளில் ஷோரூம் விலைக்கு அடுத்துள்ள வரியைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். சாலை வரியைத்தான் 'லைஃப் டாக்ஸ்' என்றோ 'ஆர்.டி.ஓ.' என்றோ ஒரே சொல்லில் அங்கே எழுதியிருப்பார்கள். வண்டி விலைக்கு அடுத்தபடியாக நாம் கொடுக்கும் பெரிய தொகை பெரும்பாலும் அதுதான். ஆனாலும், பேரம் பேசி மூவாயிரம் ரூபாய்க்குத் தரைவிரிப்பு வாங்கும் நாம், லட்சத்தைத் தாண்டும் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அரசு நிர்ணயித்த வரியில் பேரம் பேச முடியாது என்பது உண்மையே. ஆனால் எந்த வண்டியை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது எவ்வளவு மாறும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் தனிப்பயன் கார்களுக்கு ஆயுட்கால வரியைப் பதிவின்போதே மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். 2023 நவம்பர் வரை கணக்கு எளிமையாக இருந்தது: பத்து லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். அந்த ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்து லட்சம் வரை 12, ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13, பத்து முதல் இருபது லட்சம் வரை 18, இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்று நான்கு படிகள் ஆயின. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. பண்டிகைக்கு வண்டி எடுக்கலாம் என்று மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட பண்டிகைப் பரிசாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பதிவு செய்த நாளின் விகிதம் அல்ல, பதிவாகும் நாளின் விகிதமே செல்லும் என்பதால், ஒன்பது லட்ச ரூபாய் காருக்கு 90,000 ரூபாய் எடுத்து வைத்திருந்தவர் 1,17,000 ரூபாய் கட்ட நேர்ந்தது.

விகிதம் ஏறியதைக் குறை சொல்வதற்கு எனக்கு அதிகம் இல்லை. கர்நாடகத்தில் பத்து முதல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 17 சதவீதமும், அந்த வரியின்மேல் 11 சதவீதம் கூடுதல் தீர்வையும் உண்டு. கூட்டிப் பார்த்தால் நம்முடையதைவிடச் சற்று அதிகம்தான். என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வருமான வரியில் ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம் உண்டு. சாலை வரியில் அப்படியில்லை. பத்து லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் முழு விலைக்கும் 18 சதவீதம் விழுகிறது. திருத்தத்துக்கு முன்பும் இந்தக் கோடு இருந்தது. அப்போதும் தாண்டினால் ஐந்து சதவீதம் கூடியது, இப்போதும் ஐந்துதான் கூடுகிறது. மற்ற எல்லாவற்றையும் மாற்றியபோது இதையும் சரிசெய்திருக்கலாம் என்பதே என் வாதம்.

இந்தக் கோட்டின் கூர்மையை என் மைத்துனருடன் மதுரையில் ஷோரூமுக்குப் போனபோது நேரில் பார்த்தேன். அவர் தேர்ந்தெடுத்த வேரியன்டின் விலை 9,92,000 ரூபாய். அதே வண்டி, மேற்கூரை மட்டும் கறுப்பாக, இரட்டை வண்ணத்தில் வேண்டுமென்றால் 15,000 ரூபாய் கூடுதல் என்று விற்பனையாளர் சொன்னார். பதினைந்தாயிரம்தானே என்று மைத்துனர் தலையை ஆட்டிவிட்டார். கொட்டேஷன் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 9,92,000 ரூபாய்க்கு 13 சதவீதம் என்றால் வரி 1,28,960. கறுப்புக் கூரையோடு விலை 10,07,000 ஆகிவிடுகிறது. அதற்கு 18 சதவீதம் 1,81,260. வரியில் மட்டும் 52,300 ரூபாய் வித்தியாசம். ஆக, அந்தக் கறுப்புப் பெயின்டின் உண்மையான விலை 67,300 ரூபாய். போதாததற்கு, பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள்; அது வருமான வரிக் கணக்கில் திரும்பிவிடும் என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்துதான் போகும். "மாப்பிள்ளை, ஒரே கலரே போதும்" என்று மைத்துனர் முடித்துக்கொண்டார். விற்பனையாளர் சிரித்ததைப் பார்த்தால், இந்தக் கணக்கு அவருக்குப் புதிதாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். பல விலைப்பட்டியல்களில் 9,99,000 என்ற எண்ணை அடிக்கடி பார்க்க முடிவதற்கு வாங்குபவரின் மனநிலை ஒரு காரணம் என்றால், இந்த வரிக் கோடு இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. குறைந்தபோது இதே கோடு வாங்குபவருக்குச் சாதகமாகவும் வேலை செய்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு அதுவரை தீர்வையோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. 10,90,000 ரூபாய்க்கு விற்ற அத்தகைய கார், குறைப்பு முழுவதும் விலையில் பிரதிபலித்திருந்தால், ஏறத்தாழ 9,97,000 ரூபாய்க்கு இறங்கும். விளம்பரங்கள் சொன்னது இந்த 93,000 ரூபாயைப் பற்றித்தான். ஆனால் பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதால் சாலை வரியும் 1,96,200 ரூபாயிலிருந்து சுமார் 1,29,600 ஆகிவிடுகிறது. ஆக மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். டெல்லி குறைத்த வரியால் சென்னையின் வருவாயும் குறைந்த இந்த விநோதத்தை வாங்குபவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ!

சாலை வரி உயர்வு தவணையைவிட முன்பணத்தைத்தான் முதலில் தாக்குகிறது. பல வங்கிகள் ஷோரூம் விலையை வைத்தே கடன் தருகின்றன. வரியையும் காப்பீட்டையும் நாம்தான் புரட்ட வேண்டும். காப்பீட்டிலும் இதே கதை. வண்டிக்குக் குறிக்கப்படும் காப்பீட்டு மதிப்பு ஷோரூம் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து வருவது. அதில் சாலை வரி சேராது. வண்டி திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ, கட்டிய இரண்டு லட்ச ரூபாய் வரி சாதாரண பாலிசியில் கணக்குக்கே வராது. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பிரிவு பொதுவாகப் பதிவுச் செலவையும் வரியையும் சேர்த்துத் தரும். வரி உயர உயர இந்தப் பிரிவுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் நியாயமான செலவாகத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. முதல் சில ஆண்டுகளுக்காவது எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களின் பாடு இன்னும் சிரமம். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். இங்கே கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். 2021-இல் வந்த பி.எச். (பாரத்) வரிசைப் பதிவு எண் இதற்குத்தான்: இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டினால் போதும். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களில் பணிபுரிவோருக்கும் மட்டுமே கிடைக்கும்.

இன்றைய நிலையில் கணக்கையே புரட்டிப்போடுவது மின்சாரக் கார்தான். தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கை, 2025 இறுதி வரை அவற்றுக்குச் சாலை வரியில் முழு விலக்கு அளித்தது. பன்னிரண்டு லட்ச ரூபாய் பெட்ரோல் காருக்கு 2,16,000 ரூபாய் வரி என்னும்போது, பதினான்கு லட்ச ரூபாய் மின்சாரக் கார் வரியில்லாமல் கிடைத்தால் சாலைக்கு வரும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் நிற்கின்றன. ஆனால் இத்தகைய விலக்குகள் கெடு வைத்துத் தரப்படுபவை. கர்நாடகம் 2024-இல் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 10 சதவீத வரி விதித்தது. கேரளம் அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் விலைக்கேற்ப 5, 8, 10 சதவீதம் என்று படிகள் வைத்தது. ஆகவே மின்சாரக் காருக்கு முன்பதிவு செய்பவர்கள், டெலிவரி எந்த மாதம், அந்த மாதத்தில் விலக்கு நடப்பில் இருக்குமா, இடையில் வரி வந்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்ற மூன்றையும் ஷோரூமில் எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.