ஆயில் சூடும் தண்ணீர் சூடும்

லாரியின் டேஷ்போர்டில் இருக்கிற சூட்டு மீட்டர் கூலன்டின், அதாவது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றிக் குளிர்விக்கும் தண்ணீரின், சூட்டை மட்டும்தான் காட்டும். முள் நடுவில் நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்ட வேண்டும் என்று டிரைவர்கள் பழகியிருக்கிறார்கள். பிஸ்டனுக்கு அடியில் பீய்ச்சி அடிக்கப்பட்டு, பேரிங் வழியாகவும் டர்போ வழியாகவும் ஓடி, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்புகிற ஆயில் என்ன சூட்டில் இருக்கிறது என்று அந்த முள் சொல்லாது. பல வண்டிகளில் கூலன்ட் சூட்டையே கூட அது அப்படியே காட்டுவதில்லை. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள், ஒவ்வொரு ஏற்றத்திலும் டிரைவர் பதறக்கூடாது என்பதற்காக.

நான் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலையும், வண்டியின் கம்ப்யூட்டரில் இருந்து சென்சார் எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வேலையும் பார்க்கிறேன். கல்லும் எம்-சாண்டும் ஏற்றி ஆரல்வாய்மொழி வழியாக வந்து களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் என்கிற பெரிய லாரிகள், சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகள், குலசேகரத்தில் இருந்து ரப்பர் தடி ஏற்றும் வண்டிகள் என்று எல்லாமே வரும். இவற்றில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிற கோளாறு எது என்று என்னைக் கேட்டால், ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் சொல்வேன். இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். அல்லது வித்தியாசத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த நிலையில் எடுத்த வித்தியாசம் என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஆயில் கூலர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய டீசல் இன்ஜின்களில் அது பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு தட்டுக் கட்டு. தட்டுகளின் ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். ஆயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும், தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இது தலைகீழாக நடக்கும். தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆயிலைச் சூடேற்றும். ஆகவே வண்டி எடுத்த கொஞ்ச நேரத்தில் ஆயில் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அது கோளாறே இல்லை. லோடு ஏற்றி நன்றாக ஓடிய பிறகுதான் ஆயில் தண்ணீரைத் தாண்டிப் போகும். தண்ணீரை, சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒரு கட்டுக்குள் வைத்திருக்கும், ஏறக்குறைய 80இல் இருந்து 90 டிகிரி வரை. ஆயிலைக் கட்டுப்படுத்த அப்படி ஒன்று பல இன்ஜின்களில் கிடையாது, அது லோடுக்கு ஏற்ப ஏறும்.

கூலருக்குள் தண்ணீர்ப் பக்கம் அடைக்க அடைக்க, ஆயிலின் சூடு தண்ணீருக்கு வந்து சேர்வது குறைகிறது. அப்படியென்றால் தண்ணீர் மீட்டர் என்ன காட்டும்? வழக்கம்போல நடுவில்தான் நிற்கும். உள்ளே ஆயில் வெந்துகொண்டிருக்க, டிரைவருக்கு முன்னால் இருக்கும் முள் நிம்மதியாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தை விளங்க வைக்கத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு டாரஸ் அப்படித்தான் வந்தது. டிரைவர் வயதில் மூத்தவர். "மக்கா, மீட்டரு நடுவுலதான் நிக்குது. ஆனா லோடோட வந்து நிறுத்தினா ஆயில் லைட்டு மினுங்குது. வண்டியில பழைய இழுவை இல்ல" என்றார். ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றிப் பார்த்துவிட்டார்களாம், இன்னொரு இடத்தில் பம்பையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். லோடு வண்டியாகவே ஓட்டிப் பார்த்தோம். கூலன்ட் 86, ஆயில் 118. அந்தச் சூட்டில் ஆயில் தண்ணீராகிவிடும் என்று டிரைவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை. 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) மேல் கெட்டியாக இருக்கும். 100 டிகிரியில் அது 12.5க்கும் 16.3க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தர விதி. அதற்கு மேல் ஏறினால் இன்னும் இளகும், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும்போது பிரஷர் விழும். லைட் மினுங்கியதற்குக் காரணம் அதுதான். பம்பில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆனாலும் உடனே கூலரைக் கழற்றவில்லை. ஆயில் மட்டம் பார்த்தோம். மட்டம் குறைந்தால் மட்டும் சூடேறும் என்றில்லை, அளவுக்கு மேல் ஊற்றினாலும் கிராங்க் அதில் அடித்து நுரைக்க வைத்துச் சூடேற்றும். ஃபில்டர், ஆயில் கிரேடு எல்லாம் சரி. அப்புறம்தான் எங்கள் மூத்த மெக்கானிக்கான ஆசான் கூலரை இறக்கச் சொன்னார். தண்ணீர்ப் பக்கம் வெள்ளையும் செம்மண் நிறமுமாகப் படிந்து, பாதி வழிக்கு மேல் மூடிக் கிடந்தது.

காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மலையோரத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ஓடைத் தண்ணீர் மிருதுவானது. கடலோரக் கிராமங்களில் கிணறும் போரும் பல இடங்களில் உப்பு. ரேடியேட்டரில் கொஞ்சம் குறைந்தால் டிரைவர் நிற்கிற இடத்தில் கிடைக்கிற தண்ணீரை ஊற்றுவார், வேறு என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் ஊற்றும்போது கூலன்டின் வீரியம் குறைந்து, தண்ணீரில் இருக்கும் கால்சியம் சூடான இடமாகப் பார்த்துப் படிகிறது. இன்ஜினில் தண்ணீர் போகும் குறுகலான, சூடான வழிகளில் ஒன்று ஆயில் கூலர். முதல் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான். கூலர் எலிமென்ட்டை மாற்றி, சிஸ்டம் முழுவதும் கழுவி, சுத்திகரித்த நீரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றிய பிறகு அதே லோடில், அதே பாதையில் வித்தியாசம் 11 டிகிரிக்கு இறங்கியது. ஒரே வகைக் கூலன்டை மட்டும் ஊற்றச் சொல்லி, டாப்-அப்புக்கு ஒரு கேனையும் வண்டியில் வைத்து அனுப்பினோம். கூலரை மட்டும் மாற்றிவிட்டு உப்புத் தண்ணீரை விட்டுவைத்தால் புதுக் கூலரும் அதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான கதை ஒரு மீன் வண்டியினுடையது. அதில் கூலன்ட் 78, ஆயில் 100. வித்தியாசம் 22. "ஆயில் கூலர் போச்சு" என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார்கள் வேறு இடத்தில். ஓனர் கடன் வாங்கி ஓட்டுகிறவர். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கொண்டுவந்தார்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் இரண்டு சென்சாரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இது எல்லோரும் செய்கிற, செய்ய வேண்டிய பரிசோதனை. காலையில் பார்த்தால் ஆயில் 27, கூலன்ட் 26. வெளியே காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். சென்சார்கள் சரி, கூலர்தான் கோளாறு என்று இந்த இடத்தில் முடிவு செய்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ஒரு எல்லை உண்டு, அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு.

இந்த சென்சார்கள் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. நாங்கள் அதிகம் பார்க்கும் வகையில் காலைக் குளிரில் 2,000 ஓமுக்கு மேல் இருக்கும், 90 டிகிரியை நெருங்கும்போது 250 ஓம் அளவுக்கு வந்துவிடும். கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்து ஒரு 80 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரத்தோடு எண்பது சேர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும் வித்தியாசம் ஒரு டிகிரிதான். இருநூற்றைம்பதோடு அதே எண்பது சேர்ந்தால் அது மூன்றில் ஒரு பங்கு, பத்து டிகிரி குறைத்துக் காட்டிவிடும். குளிரில் நல்ல பிள்ளையாக இருக்கும் சென்சார் சூட்டில் பொய் சொல்லும்.

ஆகவே வண்டியைச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தேன். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகப் பிடித்தால் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். மேட் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு, அதன்மேல் பிடிக்க வேண்டும். அங்கே 88 வந்தது, ஸ்கேனரில் அதே நேரம் 78. கனெக்டரைப் பிடுங்கினால் உள்ளே பச்சை. மீன் பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் எங்கே தெறிக்கும், எந்த வயர் வழியாக ஏறும் என்று சொல்லவே முடியாது. இந்த மாவட்டத்தில் மீன் வண்டி வந்தால் கனெக்டரை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னை மாற்றியதும் 88, 100 என்று வந்தது. பன்னிரண்டு டிகிரி, லோடு ஓடி வந்த இன்ஜினுக்கு இயல்பான வித்தியாசம். ஓனர் கனெக்டருக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த நாள் மிகவும் சந்தோஷமான நாள்.

இயல்பான வித்தியாசம் எவ்வளவு என்ற கேள்வி உடனே வரும். ஒரு ஓனரின் மகன், படித்த பையன், "அண்ணே, எட்டு டிகிரிக்கு மேல போனாலே கூலர் காலின்னு போட்டிருக்கே" என்று போனை நீட்டினான். அவன் பார்த்தது தப்பான தகவல் இல்லை. ஆனால் அது வேறொரு இன்ஜினுக்கான அளவு. அமெரிக்காவில் 2003 முதல் 2007 வரையிலான மாடல் ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 டீசல் அது. அதில் ஆயில் கூலர் இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவில் இருக்கும், தண்ணீர் வழிகள் மிகக் குறுகல். வார்ப்பு மணலும் கூலன்டில் இருந்து பிரியும் படிவும் அதை அடைக்கும். ஆயில் கூலரைத் தாண்டிய தண்ணீர்தான், இன்ஜினுக்குள் திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலருக்குப் போகும், ஆகவே இது அடைத்தால் அது தண்ணீரில்லாமல் விரிசல் விடும். அதனால்தான் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது 15 ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் எட்டு டிகிரி சொச்சம், என்ற கண்டிப்பான எல்லை அங்கே பிறந்தது. நம் லாரியின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு, அதுவும் முழு லோடில், அதை அப்படியே போட்டால் நல்ல கூலர்களையெல்லாம் கழற்றிப் போட வேண்டியதுதான். அவனிடம் சொன்னேன்: உன் வண்டி நன்றாக இருக்கும்போது அதன் வித்தியாசம் எவ்வளவு என்று எழுதி வை, அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார். கம்பெனி மேனுவலில் எண் இருந்தால் அதைப் பார்.

இன்னொன்றும் சொன்னேன். ஸ்கேனரில் ஆயில் சூடு என்று ஒரு வரி வந்தால், அது நிஜமாகவே அளந்த சூடுதானா என்று பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் ஆயிலுக்கு சென்சாரே இருக்காது. லோடு, ஆர்பிஎம், கூலன்ட் சூடு இவற்றை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை வைத்துக் கூலர் அடைப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் கூலர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது.

ஓட்டிப் பார்க்கிற பாதையும் முக்கியம். நாங்கள் நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு போகும் சாலையைத்தான் எடுத்துக்கொள்வோம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போனால் கியர் மாற்றியே நேரம் போய்விடும், சீரான அளவு கிடைக்காது. ஆனால் ஆரல்வாய்மொழியில் ஜூனில் இருந்து செப்டம்பர் வரை அடிக்கும் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றாலைகள் முப்பந்தலில் சும்மா நிற்கவில்லை. மேற்கில் இருந்து வரும் அந்தக் காற்று கிழக்கே போகும்போது வண்டியைத் தள்ளிவிடும், திரும்பி வரும்போது முகத்தில் அறையும். திரும்பும் வழியில் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் உழைக்கிறது, ஆயில் ஏறுகிறது. தண்ணீரோ ரேடியேட்டரில் நல்ல காற்று படுவதால் தெர்மோஸ்டாட் அளவிலேயே நிற்கிறது. கூலரில் ஒரு குறையும் இல்லாமலே வித்தியாசம் சில டிகிரி கூடும். போகும்போதும் வரும்போதும் எடுத்து, இரண்டையும் எழுதி வைப்பது எங்கள் வழக்கம்.

ஆயிலும் தண்ணீரும் சேர்ந்தே ஏறினால் நான் ஆயில் கூலரைப் பற்றி யோசிக்கவே மாட்டேன். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், தெர்மோஸ்டாட் பக்கம் போவேன். தண்ணீர் மட்டும் திடீரென்று ஏறி இறங்கினால் உள்ளே காற்று, அல்லது ஹெட் கேஸ்கெட். வித்தியாசம் கூடியிருக்கிறதோ இல்லையோ, கூலன்ட் டேங்கில் ஆயில் மிதந்தால் கூலர் உள்ளே ஓட்டையாக இருக்கலாம். வண்டி ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரைவிட அதிகம், அதனால் ஆயில்தான் முதலில் தண்ணீருக்குள் போகும்.

இப்போது ஒரு டாரஸ் கணக்கில் இருக்கிறது. முன்பு 12 டிகிரி காட்டியது, போன மாதம் 15, இந்த வாரம் அதே பாதையில் 18. சென்சாரைச் சூட்டிலும் சரிபார்த்தாயிற்று. கூலர் மெல்ல அடைக்கிறது என்பதில் ஆசானுக்கும் எனக்கும் சந்தேகமில்லை. ஓணத்துக்கு முன்னால் கேரளாவில் வேலைகளை முடிக்கிற அவசரம், அதுவரை வண்டியை நிறுத்த முடியாது என்கிறார் ஓனர். ஆயில் 110இல் நிற்கிறது. லோடைக் குறைத்து ஓட்டச் சொல்லி, ஆயிலுக்கென்று தனியாக ஒரு மீட்டர் பொருத்திக் கொடுத்திருக்கிறோம். 115ஐத் தொட்டால் ஓரம் கட்டி, ஐடிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்ட பிறகே ஆஃப் செய்ய வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். எலிமென்ட்டும் கேஸ்கெட்டும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.