பசியும் ஹைப்போதலாமஸும்: ஃபிசியாலஜி தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

எம்பிபிஎஸ் முதலாம் ஆண்டு ஃபிசியாலஜியில் பசியை மூளை கட்டுப்படுத்தும் விதம் எழுத்துத் தேர்விலும் வரும், வைவா என்ற வாய்மொழித் தேர்விலும் வரும். ஹார்மோன் பெயர்களை மட்டும் உருப்போட்டால், எது பசியைக் கூட்டும், எது குறைக்கும் என்பது பதற்றத்தில் தலைகீழாகிவிடும். சோதனைகளை வரிசையாகப் படியுங்கள். நான் அப்படிப் படித்ததுதான் இன்றும் மறக்காமல் இருக்கிறது.

1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலியின் மூளையடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் வென்ட்ரோமீடியல் (கீழ்-நடு) பகுதியைச் சேதப்படுத்தினார்கள், எலி கொழுத்தது. 1951-இல் ஆனந்தும் புரோபெக்கும் பக்கவாட்டுப் பகுதியைச் சேதப்படுத்தினார்கள். எலி சாப்பாட்டையே தொடவில்லை. முதல் பகுதி நிறைவு மையம், இரண்டாவது பசி மையம்; இரண்டும் இதிலேயே முடிந்தது. இந்த பி.கே. ஆனந்த்தான் பின்னாளில் டெல்லி எய்ம்ஸின் ஃபிசியாலஜி பேராசிரியர்.

நிதானமாக உட்கார வேண்டிய இடம் ஆய்வாளர் கோல்மனின் சோதனை. ஓபி, டிபி என்று இரண்டு வகைச் சுண்டெலிகள், இரண்டுமே மரபணுக் குறையால் குண்டானவை. அறுவை சிகிச்சையில் ஓபியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரண சுண்டெலியோடு இணைத்தபோது ஓபி குறைவாகத் தின்றது. சாதாரண சுண்டெலியை டிபியோடு இணைத்தபோதோ, அந்தச் சாதாரண சுண்டெலி பட்டினி கிடந்து செத்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் காரணத்தை நீங்களே சொல்லிப் பாருங்கள். ஓபிக்கு 'போதும்' என்ற செய்தியை உண்டாக்கத் தெரியாது. டிபியிடம் அது ஏராளம், ஆனால் கேட்காது. 1994-இல் ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின் என்ற கொழுப்புத் திசு ஹார்மோன்தான் அந்தச் செய்தி.

கொழுப்பு கரையும்போது லெப்டின் குறையும். கையிருப்பு தீர்வதை மூளை அந்தக் குறைவிலிருந்துதான் அறிகிறது. அப்புறம் ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் நியூக்ளியஸில் பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி நியூரான்கள் முடுக்கம் பெறும், பசியை அடக்கும் பிஓஎம்சி நியூரான்கள் அடங்கும், பசி கூடும். காலி வயிறு சுரக்கும் கிரெலின் ஹார்மோனும் ஏஜிஆர்பி நியூரான்களையே தூண்டுகிறது. குடல் ஹார்மோனான சிசிகே, வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பு எல்லாம் அந்த வேளைச் சாப்பாட்டை நிறுத்துவதற்கு. படத்தில் அம்புக்குறி போட்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமினோ அமிலம். உடலால் தயாரிக்க முடியாத அத்தியாவசிய அமினோ அமிலம் ஒன்று இல்லாத தீனியை எலி சிறிது நேரத்திலேயே ஒதுக்கிவிடும். மூளையின் பிரிஃபார்ம் கார்டெக்ஸ் பகுதியில், அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏ சுமையேறாமல் சேர்வதை ஜிசிஎன்2 என்ற நொதி உணர்கிறது என்பது இதற்கான விளக்கம். இதில் விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வைவாவில் அடுத்து வரக்கூடிய கேள்வி: பருமனானவர்களுக்கு லெப்டின் அதிகம்தானே, பிறகு ஏன் பசிக்கிறது? லெப்டின் எதிர்ப்பு, அதாவது லெப்டின் இருந்தும் மூளை அதற்குச் சரியாகப் பதில் தராத நிலை என்று சொல்லுங்கள். அதோடு, டிபி சுண்டெலியைப் போல அவர்களுக்கு லெப்டினைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியே பழுது என்பது மிக அரிது என்றும் சொல்லுங்கள்.