அரை நொடி சுற்றிவிட்டு நின்றுபோன ஃபேன்

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். பிராசசர் மேலே இருக்கும் ஃபேன் ஒரு கால் சுற்று சுற்றியது, கேபினட்டில் மாட்டிய மூன்று ஃபேன்களும் லேசாகத் தலையை ஆட்டின, எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் எல்லாம் அமைதி. மறுபடி அழுத்தினேன். இந்த முறை அந்தக் கால் சுற்றுகூட இல்லை.

காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டி, கேபிள்களை எல்லாம் பின்பக்கமாக இழுத்து டை போட்டுக் கட்டி, கண்ணாடிக் கதவையும் மூடி, நாலு போட்டோவும் எடுத்து முடித்துவிட்டு அழுத்திய பொத்தான் அது. ஓடுகிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் யாராவது கேபிளைக் கட்டுவார்களா? நான் கட்டினேன். கட்டிய டையை எல்லாம் அன்று ராத்திரியே ஒவ்வொன்றாக வெட்டவும் செய்தேன்.

நான் சொந்தமாக அசெம்பிள் செய்த முதல் கம்ப்யூட்டர் இது. அதுவரை எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வீடியோக்களில் எல்லாம் பொத்தானை அழுத்தியதும் கலர் கலராக விளக்கு எரிந்துவிடும். எரியாவிட்டால் என்ன செய்வது என்று நான் தேடவே இல்லை.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது மற்ற பாகங்களுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் பெட்டி, அதன் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பார்த்தேன். ஆனில்தான் இருந்தது. மதர்போர்டின் (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பலகை) ஓரத்தில் ஒரு குட்டி விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்யாவிட்டாலும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட்டை மட்டும் மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், பொத்தானை அழுத்துவது போர்டுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. (உள்ளே கை வைக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கச் சொல்வதற்கும் இது ஒரு காரணம்.) ஆக, கரண்ட் போர்டு வரைக்கும் வருகிறது. ஒருவேளை பொத்தானே கோளாறோ என்று, ப்ளக்கைப் பிடுங்கி பவர் சுவிட்ச் ஒயரைக் கழற்றிவிட்டு, ப்ளக்கை மறுபடி போட்டு, அந்த ஒயர் மாட்டியிருந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். பொத்தான் செய்வதும் அதே வேலைதான், இரண்டு பின்னை ஒரு கணம் சேர்த்து வைப்பது. அதே கால் சுற்று, அதே 'டிக்'. பொத்தான்மேல் குற்றமில்லை.

அடுத்து கேபிள்கள். மதர்போர்டுக்குக் கரண்ட் கொண்டுபோகும் 24 பின் கேபிள் நாம் நினைப்பதைவிட ரொம்ப முரட்டுத்தனமாக அழுத்தினால்தான் முழுசாக உட்காரும், போர்டு வளைகிற மாதிரி இருக்கும், பயமாகத்தான் இருக்கும். அதை எடுத்து மறுபடி அழுத்தினேன். பிராசசருக்குப் போகும் 8 பின்மேல் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, ஏனென்றால் காலையில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னைக் கொண்டுபோய் அங்கே சொருகப் பார்த்து, அது போக மறுத்து, நான் ஏன் போகவில்லை என்று அதனோடு மல்லுக்கட்டி, அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பிராசசர் கேபிள் நாலு நாலாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 12 வோல்ட் வரும் வரிசையும் கிரவுண்டு வரிசையும் இரண்டிலும் தலைகீழ். தப்பாகப் போய்விடக் கூடாது என்றுதான் ஓட்டைகளின் வடிவத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன், சரியான கேபிள்தான், சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை எடுத்து இதில் மாட்டிப் பார்க்கவே கூடாது. மதர்போர்டு பக்கம் எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வரிசை. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எந்தப் பொதுக் கணக்கும் கிடையாது, ஆளுக்கொரு வரிசை. சொருகினால் சில சமயம் போய்க்கூட உட்காரும், அதுதான் ஆபத்து.

சரி, எஸ்எம்பிஎஸ்தான் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதைத் தனியாகச் சோதிக்க ஒரு பழைய வித்தை உண்டு. எல்லாக் கேபிளையும் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, 24 பின் தலையில் பச்சை ஒயரையும் பக்கத்தில் இருக்கும் ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இணைப்பது, அப்புறம் ப்ளக்கைப் போட்டு ஆன் செய்வது. என் கேபிளில் எல்லா ஒயரும் கறுப்பு. படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னை மூன்று தடவை எண்ணி, 16க்கும் 17க்கும் கிளிப்பைச் சொருகி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. இதனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், சுமையைத் தாங்குமா என்று தெரியாது. சில மாடல்களில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது, அதைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த வேலையே பிழைப்பாக வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். நான் பெரிதாகக் கதை சொல்ல ஆரம்பித்தேன், அவன் கேட்கவில்லை.

"ஃபேன் சுத்திட்டு நின்னுடுதா, இல்ல சுத்திக்கிட்டே இருந்து டிஸ்ப்ளே மட்டும் வரலையா? அத மொதல்ல சொல்லு."

"நின்னுடுதுடா."

"அப்ப ராம், கார்டு, மானிட்டர் எதையும் நோண்டாத. எங்கயோ ஷார்ட். போர்ட கேபினட்லேர்ந்து வெளிய எடுத்து அது வந்த அட்டைப்பெட்டி மேல வை. அந்த வெள்ளிக் கலர் பை மேல வச்சுடாத, அது கரண்ட் கடத்துனாலும் கடத்தும். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். வேற எதுவும் வேணாம். பார்த்துட்டுச் சொல்லு."

வைத்துவிட்டான். நான் ஒரு மணி நேரமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சுற்றி நிற்பதும், சுற்றிக்கொண்டே இருந்து படம் வராததும் எனக்கு ஒரே விஷயம், 'ஆன் ஆகவில்லை'. அவனுக்கு அது இரண்டு தனித்தனி வியாதி. ஒன்றுக்கு மின்சாரத்தின் வழியில் தேட வேண்டும், இன்னொன்றுக்கு ராம், கிராபிக்ஸ், கேபிள் என்று வேறு வழியில் போக வேண்டும்.

கழற்றினேன். காலையில் அத்தனை அழகாகச் செய்ததை எல்லாம் கழற்றுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அட்டைப்பெட்டி மேல் போர்டு, அதன் மேல் கூலர், ஒரு ராம், பக்கத்தில் எஸ்எம்பிஎஸ். ஸ்க்ரூடிரைவரால் பின்னைத் தொட்டேன். ஃபேன் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான். மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம், அதாவது மெமரி), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நாலு குட்டி விளக்குகள் வரிசையாக இருந்தன. எது எரிந்துகொண்டே நிற்கிறதோ அந்த இடத்தில் போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு டிராமில் மஞ்சள். முதல் வியாதி போய் இரண்டாவது வியாதி வந்திருந்தது, இப்போது அவனும் போனை எடுக்கவில்லை.

ராமைக் கழற்றி மாட்டினேன். இரண்டு பக்கமும் கொக்கி இருக்கும் என்று நினைத்திருந்தேன், என் போர்டில் ஒரு பக்கம்தான், மறுமுனையைத் தனியாக அழுத்த வேண்டும். மாட்டி ஆன் செய்து ஒரு நிமிடம் பார்த்தேன், மஞ்சள். அணைத்தேன். இன்னொரு ராமை மாட்டினேன், ஒரு நிமிடம், மஞ்சள். ஸ்லாட்டை மாற்றினேன், ஒரு நிமிடம், மஞ்சள். அடுத்து அந்த நாணயம் மாதிரி இருக்கும் 2032 பேட்டரியைக் கழற்றி, பயாஸை (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) ரீசெட் செய்து, மறுபடி மாட்டி ஆன் செய்தேன். மஞ்சள். பிராசசர் சாக்கெட்டில் ஏதாவது பின் வளைந்திருக்குமோ என்று கூலரைக் கழற்றிப் பார்க்கவே போய்விட்டேன். தெர்மல் பேஸ்ட் வேறு துடைத்துப் புதிதாகப் போட வேண்டுமே என்ற சோம்பல்தான் தடுத்தது. நல்ல சோம்பல்.

அப்போதுதான் முதல்முறையாக மதர்போர்டோடு வந்த புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடச் சொல்லியிருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: புது ராமை மாட்டி முதல்முறை ஆன் செய்யும்போது திரை வர சில நிமிடங்கள் ஆகலாம், இடையில் அணைக்க வேண்டாம்.

டிடிஆர்5 வகை ராமில் இது சகஜமாம். வேகம் அவ்வளவு அதிகம் என்பதால், ராமுக்கும் பிராசசருக்கும் நடுவில் சிக்னல் எந்தக் கணத்தில் போனால் சரியாகப் படிக்க முடிகிறது என்று போர்டு முதல்முறை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துக் கணக்கெடுத்துக்கொள்கிறது. அதற்கு மெமரி டிரெய்னிங் என்று பெயர். முடித்த கணக்கைச் சேமித்து வைத்துக்கொள்வதால் அடுத்த முறை சீக்கிரம் வந்துவிடும். ராமை மாற்றினால் முதலிலிருந்து. பேட்டரியைக் கழற்றி ரீசெட் செய்தாலும் முதலிலிருந்து. அதாவது அத்தனை நேரமும் பாவம் அது எழுதிக்கொண்டிருந்த கணக்கை நான் நிமிடத்துக்கு ஒரு தடவை பிடுங்கிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் ஸ்டாப்வாட்ச். இரண்டு நிமிடம், மஞ்சள். மூன்று நிமிடம், மஞ்சள். நாலாவது நிமிடத்தில் எல்லாம் அணைந்து தானாக மறுபடி ஆன் ஆனது, என் கை சுவிட்ச் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. ஆறாவது நிமிடம் தாண்டி மஞ்சள் போய் வெள்ளை வந்தது, வெள்ளை போய்ப் பச்சை வந்தது, மானிட்டரில் பயாஸ் திரை. பிராசசர் பெயர், 16 ஜிபி, சூடு 38 டிகிரி. அத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருந்த கறுப்புத் திரையில் அந்த 38ஐப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

நண்பன் திரும்பக் கூப்பிட்டான். வெளியே ஓடுகிறது, உள்ளேதான் ஓடவில்லை என்றேன்.

"போர்டுல ஸ்க்ரூ ஓட்டை எத்தனை?"

எண்ணினேன். "எட்டு."

"கேபினட்ல கால் எத்தனை முடுக்கியிருக்க?"

பித்தளைக் கால்களைத்தான் கேட்கிறான், ஸ்டாண்ட்ஆஃப் என்பார்களே அது. மதர்போர்டு கேபினட்டின் தகரத்தில் படாமல் கொஞ்சம் தூக்கலாக நிற்க வேண்டும் என்பதற்காக அதன் கீழே வைப்பது. கேபினட் வரும்போதே ஆறு முடுக்கியிருந்தார்கள், பையில் இன்னும் மூன்று இருந்தது. தகரத்தில் காலியாக ஓட்டை இருக்கிறது, பையில் காலும் இருக்கிறது, போர்டுக்கு நல்ல பிடிமானமாக இருக்கட்டும் என்று மூன்றையும் முடுக்கிவிட்டேன். மொத்தம் ஒன்பது. கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தபோது, பரவாயில்லை, ஸ்பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எடுத்து வைத்தேன். கேபினட்டில் வெவ்வேறு அளவு போர்டுகளுக்காக ஓட்டை போட்டிருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மெதுவாகப் போர்டைத் திருப்பிப் பார்த்தேன். ராம் ஸ்லாட்டுக்கு நேர் பின்னால், கறுப்புப் பூச்சின் மேல் ஒரு வளையத் தடம், பேனா மூடியை அழுத்தி எடுத்த மாதிரி. அந்த வளையத்துக்குள் மூன்று சாலிடர் முனைகள், மற்றவை எல்லாம் கூராக நிற்க இவை மூன்றும் மட்டும் தலை தேய்ந்து பளபளவென்று இருந்தன. கேபினட்டில் அதற்கு நேராக நின்ற ஒன்பதாவது காலின் தலையிலும் கீறல். அந்தக் கால் தகரத்தோடு சேர்ந்தது, தகரம் கிரவுண்டு. கரண்ட் வந்த மறுகணம் அந்த வழியாக ஷார்ட், எஸ்எம்பிஎஸ் அதை உணர்ந்து தன்னை அணைத்துக்கொண்டது. அப்படி ஒரு தடவை அணைத்துக்கொண்டால் பின்பக்க சுவிட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் மறுபடி அசையும், இரண்டாவது தடவை அந்தக் கால் சுற்றுகூட வராததற்குக் காரணம் அதுதான். நான் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிய எஸ்எம்பிஎஸ்தான் அன்றைக்கு முழுக்க என் போர்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது காலைக் கழற்றினேன். எல்லாவற்றையும் மறுபடி உள்ளே வைத்து, இந்த முறை டை எதுவும் போடாமல், கதவை மூடாமல் அழுத்தினேன். ஓடியது. இரண்டாவது ராமைப் போட்டேன், மறுபடி டிரெய்னிங், இந்த முறை பொறுமையாக இருந்தேன். கிராபிக்ஸ் கார்டை மாட்டினேன், படம் வரவில்லை, வயிறு கலங்கியது, பார்த்தால் மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டில் இருந்தது. அதைக் கார்டுக்கு மாற்றியதும் வந்துவிட்டது.

இதை அந்தக் கம்ப்யூட்டரில்தான் டைப் செய்துகொண்டிருக்கிறேன். முன்பக்கம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் இன்றுவரை எரியவில்லை, ப்ளஸ் மைனஸ் மாற்றிச் சொருகியிருப்பேன். பவர் சுவிட்சுக்கு அது பிரச்சினையில்லை, எல்இடிக்குப் பிரச்சினை. கழற்றி மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பதைத் திறக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.